லோ... ஸ்லோ... இம்பாலா!

கையில் க்ளிக் பேனா இருக்கா பாஸ்? இருந்தா உடனே கழட்டுங்க. (கடைசி பெஞ்சா இருந்தா பெட்டர்!) உள்ளே குட்டியா ஒரு ஸ்பிரிங் இருக்கும். ரெண்டு விரலுக்கு நடுவில் வெச்சு அமுக்கிப் பாருங்க. சாதுவா அமுங்குதா? இப்போ அதைச் சரிபாதியா வெட்டி, ஒரு பாதியை மட்டும் அமுக்குங்க. அதே கம்பிதான், ஆனா விறைப்பா முறைக்கும். பாதியா வெட்டினா பலம் போகணும்தானே? இங்கே உல்டா!

இந்த வாரம் நம்ம மேட்டர் இதுதான். இதே வேலையை, ஒண்ணரை டன்னுக்கு மேல் எடையுள்ள 1964 மாடல் செவர்லே இம்பாலாவில் செஞ்சா என்ன ஆகும்? செஞ்சவங்க யாரு, எதுக்காகச் செஞ்சாங்க, அவங்க பின்னாடி போலீஸ் ஏன் டேப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு... எல்லாம் இருக்கு. நடுவில் கொஞ்சம் மெஷின் டிசைனும் தலை காட்டும். பயப்படாதீங்க, இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ். அங்கே இளவட்டங்களுக்குக் கார் பைத்தியம் பிடிச்சு ஆட்டிய காலம் அது. பழைய காரை வாங்கி, இன்ஜினைக் குடைஞ்சு, வறண்ட ஏரிப் படுகையில் கொண்டுபோய்ப் பறக்கவிடும் 'ஹாட் ராட்' கோஷ்டி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் மெக்சிகன் அமெரிக்கப் பசங்க. அவங்க கையிலும் செகண்ட் ஹேண்ட் கார்தான், பெரும்பாலும் செவர்லே. ஆனா அவங்க தேர்ந்தெடுத்த ரூட் வேற. 'நீ பறந்து போ தம்பி, நாங்க தவழ்ந்து போறோம்'னு காரைத் தரையோடு தரையா இறக்கி, விட்டியர் புலவார்ட் சாலையில் ஊரே பார்க்கிற மாதிரி ஊர்ந்து போனாங்க. ஸ்பானிஷ்ல அதுக்கு ஒரு வசனமே உண்டு: 'பஹீட்டோ இ சுவாவேசீட்டோ'. தாழ்வா, மெதுவான்னு வெச்சுக்கலாம். இந்தக் கார்களுக்கு 'லோரைடர்'னு பேர். ஓட்டுறவங்களுக்கும் அதே பேர்தான்.

காரைத் தாழ்த்த ஆரம்பத்தில் அவங்க கண்டுபிடிச்ச டெக்னாலஜி என்ன தெரியுமா? மணல் மூட்டை! டிக்கியில் ரெண்டு மூணு மூட்டையைப் போட்டா பின்பக்கம் இறங்கிடும். காசு மிச்சம். ஆனா முன்பக்கம்? அங்கே இன்ஜின் உட்கார்ந்திருக்கு, மூட்டை வைக்க இடமில்லை. அதனால கை நேரா காயில் ஸ்பிரிங்குக்குப் போச்சு. கழட்டு, ஒரு சுத்து வெட்டு, திரும்ப மாட்டு. முடிஞ்சது ஜோலி.

முடிஞ்சதா? இங்கேதான் மெஷின் டிசைன் உள்ளே வருது.

ஸ்பிரிங்கை அமுக்கும்போது அந்தக் கம்பி வளைவதைவிட அதிகமா முறுக்கிக்கொள்கிறது. ஒரு முழ ரப்பர் டியூபை ஒரு சுத்து முறுக்குவது ஈஸி. அதையே விரல் நீளத்துக்கு வெட்டி, அதே ஒரு சுத்து முறுக்கிப் பாருங்க, கை வலிக்கும். ஸ்பிரிங்கில் சுத்து குறைஞ்சா கம்பி நீளம் குறையுது, விறைப்பு கூடுது. பேனா ரகசியம் அதுதான். பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கை எக்ஸாம் ஹாலில் மட்டுமே திறக்கும் புண்ணியவான்களுக்காகச் சொல்றேன்: ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு நேர்விகிதம். சுருள் விட்டத்தின் மூணாம் அடுக்குக்கும், சுத்துகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதம். எட்டு சுத்தில் ஒண்ணை வெட்டினா ஏழு. எட்டை ஏழால் வகுங்க. ஸ்பிரிங் சுமார் 14 சதவீதம் விறைப்பாகிடுச்சு.

சரி, கார் எவ்வளவு இறங்கும்? கணக்குக்காக ரவுண்டா சில நம்பர் வெச்சுக்குவோம் (செவர்லே கம்பெனி நம்பர் இல்லை, நானே போட்டது). எட்டு சுத்து ஸ்பிரிங். சும்மா தரையில் நிறுத்தினா 400 மில்லிமீட்டர் உயரம். காரில் மாட்டி எடை ஏறினதும் 150 அமுங்கி, 250-ல் நிக்குது. இப்போ ஒரு சுத்து வெட்டறீங்க. 'நானூறை எட்டால் வகுத்தா அம்பது, அப்போ அம்பது மில்லிமீட்டர் இறங்கும்'னு என் பக்கத்து பெஞ்ச் உடனே பதில் சொல்லுச்சு. தப்பு!

மிச்சம் இருக்கிற ஏழு சுத்துமே பழைய எடையைத்தான் சுமக்குது. ஸ்பிரிங்கில் எடை பங்கு போட்டுக்கப்படுவதில்லை. மேல் சுத்தில் விழும் பாரம் முழுசா அடுத்த சுத்துக்குப் போகும், அங்கிருந்து அதுக்கு அடுத்ததுக்கு. அதனால ஒவ்வொரு சுத்தும் வெட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவேதான் இப்பவும் அமுங்கும். காரில் மாட்டிய நிலையில் ஒரு சுத்தோட உயரம் 250-ஐ எட்டால் வகுத்தா வருவது, சுமார் 31 மில்லிமீட்டர். ஸ்பிரிங் குறையப்போவது அந்த 31 மட்டும்தான்.

அப்பாடா, கொஞ்சம்தானேன்னு நிம்மதியாகாதீங்க. ட்விஸ்ட் அடுத்து வருது. இம்பாலாவின் முன்சக்கரத்தை மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு இரும்புக் கைகள் பிடிச்சிருக்கும். காயில் ஸ்பிரிங் கீழ்க்கைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நிக்கும், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே ஒளிஞ்சிருக்கும். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ்க்கையின் கிட்டத்தட்ட நடுவில். சக்கரமோ கையின் நுனியில். நெம்புகோல் தத்துவம் ஒன்பதாம் கிளாஸ்லயே படிச்சாச்சு. நடுவில் 31 குறைஞ்சா, நுனியில் அதுபோல ரெண்டு மடங்கு, அதாவது சுமார் 62 மில்லிமீட்டர். காரோட முகம் ரெண்டரை இஞ்ச் இறங்கியாச்சு. ஒரே ஒரு சுத்துக்கு!

அதனால விவரம் தெரிஞ்சவங்க ஒரே போடா போட மாட்டாங்க. அரை சுத்து வெட்டுவாங்க. மாட்டுவாங்க. வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டிட்டு வந்து, அப்புறம்தான் அளப்பாங்க. ஜாக்கியில் இருந்து இறக்கின உடனே சஸ்பென்ஷன் முழுசா உட்காராது. அவசரப்பட்டு அளந்துட்டு 'இன்னும் உசரமா இருக்கே'ன்னு இன்னொரு அரை சுத்தை வெட்டினா, சாயங்காலம் கார் தரையைத் தேய்க்கும். வெட்டின துண்டை வெல்டு வெச்சு ஒட்டலாமான்னு மட்டும் கேட்காதீங்க, அந்த இடம் சட்டுனு உடையும். இடது, வலது ரெண்டும் ஒரே அளவு என்பது சொல்லாமலே தெரியும். சொல்லியும் மறக்கிறவங்க உண்டு.

எதால் வெட்டுவது? எங்க ஏரியா பட்டறையில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். லாரி பட்டை, வேன் ஸ்பிரிங்குன்னு பார்த்துப் பழுத்தவர். "கட்டிங் வீல்தாம்மா. நிதானமா, சூடேறாம வெட்டணும்" என்றார். கேஸ் கட்டர் வெச்சா சீக்கிரம் முடியுமே என்றேன். ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் வராதும்பாங்க. சூடு கண்ட ஸ்பிரிங் அப்படி இல்ல. போகப் போக உட்கார்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் உட்காரும், ஒரு பக்கம் உட்காராது. வண்டி கோணிக்கும்."

மெட்டலர்ஜி மேடம் ஒரு மணி நேரம் சொன்னதை மனுஷன் நாலு வரியில் முடிச்சிட்டார். ஸ்பிரிங் ஸ்டீலை முதலில் செக்கச்செவேல்னு சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவாங்க. அப்புறம் அதைவிடக் குறைஞ்ச சூட்டில் வெச்சுப் பதமாக்குவாங்க, அதுக்கு டெம்பரிங்னு பேர். அந்தப் பதத்தில்தான் அதோட உயிரே இருக்கு. லாஸ் ஏஞ்சலீஸில் அந்தக் காலத்தில் ஒரு குறுக்கு வழி இருந்துச்சு. ஸ்பிரிங்கைக் கழட்டாமலே, காரில் இருக்கும்போதே டார்ச்சால் சுட்டுச் சிவக்கவிடுவது. பதம் போய், அந்த இடத்துச் சுத்துகள் எடை தாங்காமல் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துடும். கார் சர்ருனு இறங்கும். அஞ்சு நிமிஷ வேலை! ஆனா அந்தச் சுத்துகள் அதுக்கப்புறம் ஸ்பிரிங்கே இல்லை, வெறும் இரும்பு வளையம். சூடா இருக்கும்போது மேலே தண்ணி கிண்ணி பட்டுச்சுன்னா கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்கும் போயிடும். எந்த ஸ்பீடில், எந்தக் குழியில் உடையும்னு யாராலும் சொல்ல முடியாது.

கழட்டுவதிலும் வில்லங்கம் இருக்கு. நம்ம கணக்கு ஸ்பிரிங் 150 மில்லிமீட்டர் அமுங்கி நிக்குதே, அதுக்குள்ளே எவ்வளவு சக்தி தூங்குது? மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் விறைப்புன்னு வெச்சா 675 ஜூல். பத்து கிலோ கல்லை கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ரெண்டாவது மாடி ஜன்னலில் இருந்து போட்டா வரும் அடி. ஜாக்கியில் தூக்கினா ஸ்பிரிங் கொஞ்சம் தளரும், முழுசாத் தளராது. போல்ட்டைக் கழட்டினதும் துள்ளி வந்தா, முகம்னு ஒண்ணு இருந்ததா போட்டோவில்தான் பார்க்கணும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டி, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேஸிஸோடு கட்டின பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவாங்க. இதை ஹாஸ்டல் பின்னாடி நாலு பேர் சேர்ந்து டிரை பண்ற ஐடியா இருந்தா, தயவுசெஞ்சு அந்த நாலு பேரில் ஒருத்தராவது நிஜ மெக்கானிக்கா இருக்கட்டும்.

இப்போ முக்கியமான பாயின்ட். வெட்டியாச்சு, மாட்டியாச்சு, கார் செமயா இருக்கு. விலை என்ன கொடுத்தோம்?

சக்கரம் மேடு ஏறும்போது மேலே நகர கொஞ்சம் இடம் வேணும். அந்த இடம் தீர்ந்தா ரப்பர் கட்டையில் 'டங்'னு மோதும். அதுக்குப் பேர் பம்ப் ஸ்டாப். நம்ம காரில் அந்த இடம் 90 மில்லிமீட்டர் இருந்ததுன்னு வைங்க. 62 போயாச்சு. மிச்சம் 28! சக்கரத்துக்கு இருந்த இடத்தில் எழுபது சதவீதம் காலி. பதிலுக்குக் கிடைச்ச விறைப்பு? வெறும் 14 சதவீதம். 'வெட்டினா ஸ்பிரிங் டைட் ஆகிடும், அதனால அடி வாங்காது'ன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு நம்பரையும் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. 14 வரவு, 70 செலவு. எந்த அண்ணாச்சி கடையிலும் இந்தக் கணக்கு தேறாது. அடி ரப்பர் கட்டை வழியா நேரா சேஸிஸுக்குப் போகும். வளைவில் அப்படி மோதினா டயரின் பிடிமானம் திடீர்னு விட்டுப்போகலாம். (சக்கரத்தோட சாய்வும் மாறிடும், டயர் ஓரமாத் தேயும். அலைன்மென்ட் பார்த்தே ஆகணும்.)

அப்போ அந்தப் பசங்க எப்படிச் சமாளிச்சாங்க?

மெதுவாப் போனாங்க!

சிரிக்காதீங்க. ஒரு மேட்டின் மேல் சக்கரம் ஏறும்போது அது மேல்நோக்கித் தள்ளப்படும் வேகம், கார் போகும் வேகத்தைப் பொறுத்தது. கார் வேகத்தைப் பாதியாக்கினா அந்த உதையின் வேகமும் பாதி, சக்தி நாலில் ஒரு பங்கு. நடக்கிற வேகத்தில் போனா சக்கரத்தோடு சேர்ந்து பாடியும் அலுங்காம ஏறி இறங்கிடும், ஸ்பிரிங்குக்கு வேலையே குறைவு. 28 மில்லிமீட்டர் போதும். 'தாழ்வா, மெதுவா' என்ற வசனத்தை நான் முதலில் வெறும் பந்தான்னுதான் நினைச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்தா, முதல் வார்த்தைக்கான பில்லை ரெண்டாவது வார்த்தைதான் கட்டுது. ஸ்டைலுக்காக மெதுவாப் போனாங்களா, கார் அடி வாங்கக் கூடாதுன்னு மெதுவாப் போனாங்களா என்பது முட்டையா கோழியா கேஸ். ஆனா தாழ்வும் வேகமும் சேர்ந்து வேணும்னு அடம்பிடிக்கிறவங்க ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. அவங்களுக்கு 'ட்ராப்டு ஸ்பிண்டில்'னு ஒரு ஐட்டம் இருக்கு. சக்கரம் மாட்டும் அச்சை ரெண்டு இஞ்ச் மேலே தூக்கி வெச்ச பாகம். ஸ்பிரிங் அப்படியே இருக்க, கார் மட்டும் இறங்கும். காசு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மெதுவாப் போனவங்களைப் போலீஸ் நிம்மதியா விட்டுச்சா? 1958 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008-ன்னு ஒரு பிரிவு வந்தது. காரை மாற்றி அமைத்தால், சக்கர ரிம்மின் அடி விளிம்பைவிடத் தாழ்வா காரின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. எங்க பாடத்தை வெச்சுப் பார்த்தா இதில் நியாயம் இருக்கு. டயர் வெடிச்சா கார் ரிம்மில்தான் நிக்கும். ரிம்முக்குக் கீழே ஏதாவது தொங்கினா அது ரோட்டைக் கிழிக்கும். ஆனா ரோட்டில் அந்த டேப் அதிகமா நீண்டது மெக்சிகன் பசங்களோட கார் பக்கம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி காரை எடுத்தா டிக்கெட் நிச்சயம்.

ரான் அகிர்ரே என்ற இளைஞர் 1959-ல் இதுக்கு ஒரு பதில் வெச்சிருந்தார். தன்னோட கார்வெட் காரில், பழைய விமானங்களில் இருந்து கழட்டின ஹைட்ராலிக் பம்ப்பையும் சிலிண்டரையும் மாட்டினார். ஸ்விட்சைத் தட்டினா கார் உயரும், மறுபடி தட்டினா தாழும். போலீஸ் வந்தா சட்டப்படி உயரம், போனதும் நம்ம இஷ்டம்! எழுதினவங்க முகத்தை யோசிச்சுப் பாருங்க. பின்னாடி 'ஹைட்ராலிக்ஸ்' லோரைடர்களின் அடையாளமே ஆச்சு. முன்சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும் இம்பாலாவை ராப் வீடியோக்களில் பார்த்திருப்பீங்களே, அதோட கொள்ளுத்தாத்தா இந்த கார்வெட்தான். ஒரு தகவல்: துள்ளும் கார்களிலும் காயில் ஸ்பிரிங் இருக்கு. சிலிண்டரோடு சேர்ந்து, சுத்துகள் வெட்டப்பட்டு, குட்டையா!

நம்ம ஜாதியைப் பத்தி, அதாவது ஸ்டூடண்ட்ஸ் ஜாதியைப் பத்தி, ஒண்ணு சொல்லணும். 1977-ல் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் மூணு பேர் சேர்ந்து 'லோரைடர்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. காரோடு சேர்த்து மெக்சிகன் அமெரிக்க வாழ்க்கையையும் பேசின இதழ். 2019 வரைக்கும் அச்சில் வந்தது. நாம கல்லூரி மலருக்கே கடைசி நாள் வரைக்கும் கவிதை தராம இழுக்கிறோம்!

அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் தடை. நேஷனல் சிட்டி என்ற ஊரில் 1992-ல், காரில் சும்மா வலம் வருவதே குற்றம்னு விதி போட்டாங்க. இந்தப் பக்கம் மரியாதை. ரோஜாப் பூக்களாக வரைஞ்சு தள்ளின 'ஜிப்ஸி ரோஸ்' என்ற 1964 இம்பாலாவை, 2017-ல் வாஷிங்டன் நேஷனல் மாலில் கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிக்கு வெச்சாங்க. ஒரே கார். தலைநகரில் பொக்கிஷம், தெருவுக்கு வந்தா டிக்கெட். இந்தக் கூத்து முடிய 66 வருஷம் ஆச்சு. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா கவர்னர் கையெழுத்துப் போட்ட சட்டம், 2024 ஜனவரி 1 முதல் அந்த உயர விதியையும், ஊர்கள் போட்ட வலம் வரும் தடைகளையும் சேர்த்தே தூக்கியது. அந்த பசங்களில் பலர் இப்போ தாத்தா. பேரன் பேத்தியை பின்சீட்டில் உட்கார வெச்சு, அதே வேகத்தில்தான் போறாங்க.

'நம்ம ஊரு பழைய காரில் செய்யலாமா?'ன்னு உங்க மனசு கேட்பது புரியுது. தாத்தாவோட பிரீமியர் பத்மினிக்கு முன்னாடி காயில் ஸ்பிரிங்தான். ஆனா பம்ப் ஸ்டாப் கணக்கை மறுபடி படிச்சிட்டு, உங்க தெருவின் ஸ்பீட் பிரேக்கரை ஒரு தடவை ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வாங்க. ஆர்.சி. புக்கில் இருக்கும் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு வேற இருக்கு. அம்பாசடர் வெச்சிருக்கிற பார்ட்டிகளுக்குக் கவலையே இல்லை. அதுக்கு முன்னாடி டார்ஷன் பார், நீட்டின கம்பி. வெட்ட சுத்தே கிடையாது!

போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹோம் வொர்க். பத்து சுத்து ஸ்பிரிங், காரில் மாட்டிய நிலையில் 300 மில்லிமீட்டர் உயரம். ஒண்ணரை சுத்து வெட்டறோம், ஸ்பிரிங் கீழ்க்கையின் நட்டநடுவில் இருக்கு. காரோட முகம் எவ்வளவு இறங்கும்? எழுதி அனுப்புங்க. ஸ்பிரிங்கின் முழு நீளம் எவ்வளவுன்னு கேட்டு யாராவது எழுதினா, அவங்க மேலே அஞ்சாறு பாராவைத் தாண்டிக் குதிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும்.